பார்சல் கவுன்ட்டர் ஒன்று திறங்களேன்

தில்லியில் அரசு அலுவலகங்களுக்கு இணையத்தளம் கட்டித்தரும் நண்பர்களுக்கு,

உங்களில் சிலர் லோதி ரோடு சி.ஜி.ஓ. வளாகத்தில் வேலை பார்ப்பவர்கள். பலர் நேரு பிளேஸிலும் நொய்டாவிலும் ஒப்பந்தத்துக்கு வேலை எடுக்கும் கம்பெனிகளின் ஆட்கள். உங்களோடு தமிழர்களும் உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரியும். அவர்கள் இதைப் படித்துவிட்டுப் பக்கத்து நாற்காலிக்காரருக்கு இந்தியில் எடுத்துச் சொன்னால் போதும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆர்.கே. புரத்தில் தமிழ்ச் சங்க வாசலில் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். மத்திய அரசில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆனவர். போனில் எழுத்தை ஆகப் பெரிதாக வைத்திருக்கிறார். ஒரு வரிக்கு மூன்று சொல்தான் தெரியும். ஒரு துறையின் தளத்தில் அவருக்கு வேண்டிய அறிவிப்பு ஒன்று வந்திருந்தது. வந்திருந்தது என்றால், பக்கத்தின் மேலே வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் விரலை வைப்பதற்குள் அது போய்விடும். மறுபடி சுற்றி வரும். மறுபடி விரல். "தம்பி, ஓடுற பஸ்ல ஏர்ற வயசா எனக்கு?" என்றார்.

நான் ஏறினேன். உள்ளே ஒரு பிடிஎஃப். காகிதத்தைக் கொஞ்சம் சாய்வாக வைத்து ஸ்கேன் எடுத்திருந்தார்கள். இரண்டு விரலால் விரித்து, இடமும் வலமும் தள்ளித் தள்ளி, முதல் பக்கம் முழுக்க 'மேற்படி பொருள் குறித்து' என்ற சமாசாரங்களைத் தாண்டி, இரண்டாம் பக்கத்தில் முத்திரைக்குக் கீழே அவருக்கு வேண்டிய கடைசித் தேதி கிடைத்தது. அதை ஒரு வரியாக வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பினேன். அவர் அங்கேயே நின்று அதை இன்னும் மூன்று நண்பர்களுக்கு அனுப்பிவிட்டுத்தான் நகர்ந்தார்.

நியாயமாகச் சொல்லவேண்டும்: உங்கள் பக்கம் போன் திரைக்கு அழகாகவே மடங்கியது. மெனு மூன்று கோடாகச் சுருங்கியது. தலைவர்களின் படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையில் வந்து நின்றன. அதற்கான சோதனை எதிலும் நீங்கள் பாஸாகியிருப்பீர்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

என்னைப் பற்றி இரண்டு வரி. முனிர்காவில் குடியிருக்கிறேன், நிரல் எழுதிப் பிழைக்கிறேன். சில வருடங்களாகக் காலை ஆறு மணிக்கு ஒரு சின்ன நிரலை ஓட விடுகிறேன். அது சில அரசுத் தளங்களுக்குப் போய்ப் புது அறிவிப்புகளை எடுத்து வரும். நான் டீ குடித்துக்கொண்டே அவற்றைத் தமிழில் இரண்டு மூன்று வரியாக்கி ஒரு டெலிகிராம் சேனலில் போடுவேன். பழைய ராஜேந்தர் நகரில் அறை எடுத்து சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகளும், மயூர் விஹாரிலும் ஆர்.கே. புரத்திலும் இருக்கும் பென்ஷன்காரர்களும் படிக்கிறார்கள். காசு எதுவும் வாங்குவதில்லை.

இந்த நிரலுக்கு உங்கள் பக்கத்தைப் 'படிக்க'த் தெரியாது. 'மூன்றாவது டேபிளில் இரண்டாவது கட்டத்தில் இருப்பதுதான் அறிவிப்பு' என்று நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஒருநாள் ஒரு தளத்தைப் புதுப்பித்தார்கள். மேலே ஒரு பேனர் ஏறி உட்கார்ந்தது, கட்டங்கள் ஒன்று கீழே இறங்கின. அன்று காலை என் நிரல் ஒரு பெரிய மனிதரின் பண்டிகை வாழ்த்தைத் தேர்வு அறிவிப்பு என்று எண்ணி எடுத்து வந்தது. நல்லவேளை, நான் முழித்துக்கொண்டிருந்தேன்.

'மொபைலுக்கு ஏற்ற பக்கம்' என்பதை நாம் எல்லோருமே திரையின் அகலம் என்று புரிந்துகொண்டோம். அதற்குக் காரணம் உண்டு. 2010 மே மாதத்தில் ஈதன் மார்கோட் எழுதிய ஒரு கட்டுரை, திரைக்குத் தக்கபடி வளைந்துகொடுக்கும் வடிவமைப்புக்குப் பெயர் வைத்தது. 2015 ஏப்ரல் 21 முதல், போனில் சரியாகத் தெரியாத பக்கங்களைப் போன் தேடலில் பின்னுக்குத் தள்ளுவோம் என்று கூகுள் சொன்னது. உலகமே அலறி அடித்துக்கொண்டு பக்கங்களைக் குறுக்கியது. கூகுள் அதற்கென்று ஒரு சோதனைக் கருவியும் வைத்திருந்தது: முகவரியைக் கொடுத்தால், எழுத்து படிக்கிற அளவில் இருக்கிறதா, பொத்தான்கள் விரலுக்கு இடிக்காமல் இருக்கின்றனவா, பக்கம் திரையை விட்டு வெளியே வழிகிறதா என்று பார்த்துச் சொல்லும். நிரல் வழியாகவும் அதைக் கேட்கலாம். 2023 டிசம்பரில் அந்தக் கருவியையும் நிரல்கள் கேட்பதற்கான அதன் வாசலான ஏபிஐயையும் கூகுள் மூடிவிட்டது. அது இருந்தவரை கேட்காத கேள்வி ஒன்று உண்டு. பக்கத்தில் இருக்கும் சேதி எழுத்தா, எழுத்தின் போட்டோவா? பெரியவரின் கடைசித் தேதி அந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டு கிடந்தது.

எழுத்தாகவே இருந்தாலும் எல்லாம் எழுத்தாகிவிடாது என்பதைத் தில்லிக்கு வந்துதான் கற்றேன். இந்திப் பிடிஎஃப் ஒன்றிலிருந்து ஒரு பத்தியைக் காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டினேன். திரையில் தேவநாகரியாகப் பளிச்சென்று நின்றது, ஒட்டியதும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகக் கொட்டியது. கிருதிதேவ் எழுத்துரு. ஆங்கில எழுத்தின் இடத்தில் இந்தி வடிவத்தை வரைந்து வைத்து ஏமாற்றும் பழைய டைப்பிங் முறை. எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் இது நம் வீட்டுக் கதை. பாமினி, வானவில் என்று ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டி, ஒருவர் கோப்பு இன்னொருவர் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தைத் தாண்டி வந்தவர்கள் நாம். தமிழ்நாட்டு அரசு 2010-ல் யூனிகோடைத் தன் தரமாக ஏற்று ஆணை போட்டது. ஆணை வந்த மறுநாளே பழக்கம் போய்விடவில்லை என்பது வேறு விஷயம். கிருதிதேவில் அடித்த அறிவிப்பைக் கண் தெரியாதவரின் போன் வாய்விட்டுப் படித்தால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தேடலும் அதைக் கண்டுபிடிக்காது, மொழிபெயர்ப்புக் கருவியும் அதைத் தொடாது.

இப்படி ஒரு பக்கத்துக்குள் சேதி சிக்கிக்கொள்ளும்போதெல்லாம் நடுவில் யாரோ ஒருவர் வந்து பிய்த்தெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். டூஜி காலத்தில் ஓபரா மினி செய்தது அதுதான். பக்கத்தைத் தன் சர்வரில் திறந்து, சுருக்கி, உங்கள் போனுக்கு அனுப்பும். 2009-ல் நியூயார்க்கின் ஆர்க்90 என்ற கம்பெனி ரீடபிலிட்டி என்ற ஒன்றைச் செய்தது. விளம்பரம், மெனு, ஓரத்துப் பெட்டிகள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் கட்டுரையை மட்டும் காட்டும். அடுத்த ஆண்டே ஆப்பிளின் சஃபாரியில் வாசிப்பு முறை வந்தது. இன்று ஃபயர்ஃபாக்ஸில் நீங்கள் அழுத்தும் வாசிப்புப் பொத்தானுக்குப் பின்னால் இருப்பதும் அந்த ரீடபிலிட்டியின் வாரிசுதான்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே பாவமாக இருக்கும். அது காற்புள்ளியை எண்ணுகிறது. ஒரு பத்தியில் ஒவ்வொரு காற்புள்ளிக்கும் ஒரு மதிப்பெண். நூறு எழுத்துக்கு ஒன்று என்று நீளத்துக்கும் மூன்று வரை உண்டு. இருபத்தைந்து எழுத்துக்குக் குறைவான பத்தியைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதிக மதிப்பெண் வாங்கிய பகுதிதான் கட்டுரை என்று முடிவு கட்டுகிறது. அதன் பக்கத்தில் கிடக்கும் குட்டி வரிகளைச் சேர்ப்பதா வேண்டாமா? எண்பது எழுத்துக்குக் குறைந்ததாக இருந்தால், உள்ளே முற்றுப்புள்ளி இருக்கிறதா என்று பார்க்கிறது. இந்தி வாக்கியம் முடிவது புள்ளியில் இல்லை, நிமிர்ந்த ஒரு கோட்டில். அந்தக் கோடு இந்த விதியின் கண்ணில் படுவதில்லை. 'கடைசித் தேதி இன்னது' என்று தனியாக நிற்கும் ஒரு குட்டி வரி, இந்தியில் எழுதப்பட்ட ஒரே காரணத்தால் இங்கே கழிபடலாம். தமிழுக்குப் புள்ளி இருக்கிறது, தப்பித்தோம். ஆனால் நம் அலுவலகத் தமிழில் ஒரு வாக்கியம் பத்து வரிக்கு ஓடும், காற்புள்ளி ஒன்றுகூட இருக்காது. நீளத்துக்கான அந்த மூன்றைத் தாண்டி மதிப்பெண் எங்கிருந்து வரும்?

குறை ரீடபிலிட்டியுடையது அல்ல. வெளியே நின்றுகொண்டு ஊகிப்பவன் இதைவிட நன்றாக ஊகிக்க முடியாது. எது சேதி, எது சோடனை என்று உறுதியாகத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் டேட்டாபேஸில் தலைப்பைத் தனியாக, தேதியைத் தனியாக, உள்ளடக்கத்தைத் தனியாக அழகாக அடுக்கித்தான் வைத்திருக்கிறீர்கள். பக்கமாக்கும்போது எல்லாவற்றையும் போட்டுக் கலக்கிவிடுகிறீர்கள். நான் காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து சாம்பார் சாதத்திலிருந்து பருப்பைப் பொறுக்குகிறேன்.

கரோல் பாக்கில் ஒரு தமிழ் மெஸ் உண்டு. உள்ளே மேசை, மின்விசிறி, சாமி படம், சுவரில் நடிகர் படம். வாசல் ஓரத்தில் ஒரு ஜன்னல், பார்சல் கவுன்ட்டர். உள்ளே பரிமாறும் அதே சாம்பார்தான் ஜன்னலிலும். வாங்கிப் போகிறவன் தன் அறையில் எந்தத் தட்டில் போட்டுச் சாப்பிடுகிறான் என்று மெஸ்காரர் கேட்பதில்லை. ஏபிஐ என்று நாம் பேசுவது இந்த ஜன்னலைத்தான். உங்கள் மேசை நாற்காலியை நான் குறை சொல்லவே வரவில்லை.

இந்த ஜன்னலை ஒழுங்காகத் திறந்து வைத்திருக்கும் இடம் ஒன்றைக் காட்டுகிறேன்: விக்கிப்பீடியா. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது, இன்று ஒன்றரை லட்சம் கட்டுரைகளுக்கு மேல். அதில் 'தில்லி' என்ற கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் பார்த்தால் இடப்பக்கம் மெனு, மேலே தேடல், ஓரத்தில் நீளமான தகவல் பெட்டி. அதே கட்டுரையை நிரல் வழியாகப் பல விதத்தில் கேட்கலாம். சுருக்கம் வேண்டும் என்று கேட்டால் ஒரு சின்ன ஜேசன் பொட்டலம் வரும்: தலைப்பு, கட்டுரையின் தொடக்கப் பத்தி, ஒரு சிறு படம், அட்சரேகை தீர்க்கரேகை, பக்கம் கடைசியாக மாறிய நேரம். பிரித்தால் நேராகப் பயன்படுத்தலாம். முழுக் கட்டுரையும் போனுக்கு ஏற்றபடி வேண்டும் என்றால் அதற்கும் தனி வாசல் உண்டு. தளத்தின் மெனுவும் ஓரங்களும் இல்லாமல் கட்டுரை மட்டும் வரும். நீளப் பெட்டிகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும், தொட்டால் விரியும். படங்கள் விரல் அந்த இடத்துக்கு வரும்போதுதான் இறங்கும். விக்கிப்பீடியாவின் ஆண்ட்ராய்டு, ஐபோன் ஆப்கள் இந்த வாசல் வழியாகத்தான் கட்டுரையை எடுக்கின்றன. இங்கே கவனிக்கவேண்டியது, அவர்களுடைய ஆப்புக்கு ஒரு கதவு, எனக்கு வேறு கதவு என்று வைக்கவில்லை. சாவியும் கேட்பதில்லை. 'நீ யார், உன்னைத் தொடர்புகொள்ள என்ன வழி என்று உன் நிரலிலேயே எழுதி அனுப்பு' என்கிறார்கள், அவ்வளவுதான். கேட்டால் பெயர் சொல்வது மரியாதைதானே.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நம்மிடம் ஏது என்று சொல்லாதீர்கள். இந்த நகரத்தில்தான் 2012-ல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை வந்தது, அதே ஆண்டில் அரசின் திறந்த தரவுத் தளமும் வந்தது. 2015-ல் அரசு நிறுவனங்களுக்கான திறந்த ஏபிஐ கொள்கையை வெளியிட்டார்கள். அரசுத் தளங்கள் எப்படி இருக்கவேண்டும் என்ற வழிகாட்டு நெறிகள் 2009-லிருந்து இருக்கின்றன, 2023-ல் மூன்றாம் பதிப்பு வந்தது. காகிதத்தில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல.

காகிதத்தில் மட்டும் என்றும் சொல்லமாட்டேன். 2018-ல் தில்லி போக்குவரத்துத் துறையும் ஒக்லாவில் இருக்கும் ட்ரிபிள் ஐடியும் சேர்ந்து பஸ் தரவைத் திறந்துவிட்டன. பதிவு செய்து சாவி வாங்கிக்கொண்டால் வழித்தடங்கள், நிறுத்தங்கள், அட்டவணை எல்லாம் கிடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் பஸ் இந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்பதும் கிடைக்கும். முதல்முறை அதை எடுத்து ஒரு வரைபடத்தில் போட்டபோது, ரிங் ரோட்டில் புள்ளிகள் எறும்பு மாதிரி ஊர்ந்ததை மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "கீழ ஒண்ணும் வரலியே" என்றார். புள்ளி சொன்னது சரி, டிராஃபிக்தான் தடுத்தது. ஓடும் பஸ்ஸை நிரலுக்குக் கொடுக்க முடிந்த நகரத்தில், ஓடும் அறிவிப்பைக் கொடுக்க முடியவில்லை என்றால் நான் என்ன நினைப்பது? எண்கள் 'தரவு', அதைத் திறக்கலாம். வார்த்தைகள் வெறும் 'பக்கம்', அது கிடக்கட்டும் என்ற ஒரு பிரிவினை நம் மனதில் எங்கோ விழுந்துவிட்டது என்று தோன்றுகிறது. பென்ஷன்காரருக்கு வேண்டியதும் மாணவருக்கு வேண்டியதும் பெரும்பாலும் வார்த்தைகளில்தான் இருக்கிறது.

நீங்கள் சொல்லப்போகும் பதில்களை நான் கேட்டிருக்கிறேன். ஒரு கல்யாண வீட்டில் உங்களில் ஒருவர் எதிரில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

முதலாவது, ஆப் இருக்கிறதே என்பது. இருக்கிறது. உமங் ஆப் 2017 நவம்பரில் வந்தது, பல துறைகளின் சேவைகளை ஒரே இடத்தில் தருகிறது, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அன்றன்று செய்தியை இறக்கிக் காட்டும் ஆப்புக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு ஏபிஐ இருக்கும். ஆகவே ஜன்னல் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. அது கட்டடத்தின் உள் முற்றத்தைப் பார்த்து இருக்கிறது, தெருவைப் பார்த்து இல்லை.

இரண்டாவது, சர்வர் தாங்காது என்பது. இதற்குத்தான் எனக்குக் கோபம் வரும். இப்போது என் நிரல் ஒரு தேதியைத் தெரிந்துகொள்வதற்காக உங்கள் முழுப் பக்கத்தையும் பிடிஎஃப் மூட்டையையும் தினமும் இழுத்துக்கொண்டு வருகிறது. ஜன்னல் இருந்தால், 'நேற்றைக்குப் பிறகு ஏதாவது மாறியதா?' என்று ஒரு வரி கேட்கும். மாறவில்லை என்றால் உங்கள் சர்வர் 304 என்று ஒரு எண்ணைச் சொல்லி அனுப்பிவிடும். உள்ளடக்கம் ஒரு எழுத்துகூடப் போகாது. இது புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டிய விஷயமே இல்லை. வலையின் அடிப்படை விதிகளில் எப்போதோ இருக்கிறது.

பாதுகாப்புத் தணிக்கை பற்றியும் சொன்னார். அது உண்மையான கவலை. தளம் மேலே ஏறும் முன், அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அங்கீகரித்த தணிக்கையாளர் பார்த்து ஒப்புக்கொள்ளவேண்டும். திறந்திருக்கும் எதைப் பார்த்தாலும் அவர் மூடச் சொல்வார். வேர்ட்பிரஸ் 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்து பதிவுகளைக் கேட்டு வாங்கும் ஏபிஐயைத் தானாகவே கொடுக்கிறது. அதை முதல் வேலையாகப் பூட்டிவைப்பது நம்மிடையே ஒரு பழக்கம். பயனர் பட்டியல் வெளியே தெரிகிறது என்பதற்காகப் பூட்டுவது சரி. ஊரறிய வெளியிட்ட அறிவிப்பையும் சேர்த்துப் பூட்டுவது எதற்கு? எழுத முடியாத, படிக்க மட்டும் முடிகிற, அதுவும் ஏற்கெனவே பொதுவில் உள்ள சேதிக்கு மட்டுமான ஜன்னல் என்று தணிக்கையாளரிடம் விளக்கிச் சொல்லிப் பாருங்கள். அவரும் பென்ஷன் வாங்கப்போகிறவர்தான். வெளிநாட்டு முகவரிகளை மொத்தமாகத் தடுத்துவைக்கும் வழக்கத்தையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். கனடாவில் இருக்கும் என் அத்தை மகள் தன் அம்மாவுக்காக ஒரு படிவம் தேடினாள். பக்கம் திறக்கவே இல்லை. நான் இங்கிருந்து இறக்கி அனுப்பினேன்.

கடைசியாக, வாசகத்தை எடுத்துத் திரித்துவிடுவார்கள் என்றார். இப்போது திரிக்காமலா இருக்கிறார்கள்? பொய் அறிவிப்புகளைப் பிடிக்க 2019-ல் அரசின் செய்தி அமைப்பான பி.ஐ.பி. தனிப் பிரிவே தொடங்கவேண்டி வந்தது. அசல் வாசகத்தை ஒரு நொடியில் எடுத்து ஒப்பிட வழி இல்லாத இடத்தில்தான் ஸ்கிரீன்ஷாட் ராஜாவாகிறது.

போனுக்கு ஏற்ற பக்கம் என்றதும் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் ஃப்ரீ பேசிக்ஸை ஃபேஸ்புக் இந்தியாவில் கொண்டுவந்தபோது, எதிர்த்துத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு மின்னஞ்சல் அனுப்பிய லட்சக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் பாகுபாடான கட்டணத்தைத் தடை செய்தது. அன்று இனிப்பு வாங்கினோம். எதை இலவசமாகப் பார்க்கலாம் என்று ஒரு கம்பெனி முடிவு செய்வது தவறு என்பதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதில் சேர விரும்பிய தளங்களுக்கு அவர்கள் போட்ட நிபந்தனைகளை நினைத்துப் பார்க்கிறேன்: ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலும் பக்கம் ஓடவேண்டும், பெரிய படங்கள் கூடாது, வீடியோ கூடாது. மலிவான போனையும் மெதுவான இணைப்பையும் மனதில் வைத்துச் சொன்ன விதிகள். கட்டணத் திட்டத்தைத் துரத்தினோம், சரி. அந்த விதிகளையும் அதோடு சேர்த்துத் துரத்தியிருக்க வேண்டாம்.

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. டெண்டர் வேண்டாம், திறப்பு விழா வேண்டாம். 'புதிய அறிவிப்புகள்' என்று ஒரு பகுதி பெரும்பாலான தளங்களில் இருக்கிறது. அதற்கு மட்டும் ஒரு ஜன்னல் வையுங்கள். தலைப்பு, வெளியிட்ட நாள், கடைசி நாள் இருந்தால் அது, யாருக்கானது, முழு வாசகம் யூனிகோடில், மூலப் பிடிஎஃப்பின் முகவரி. அறிவிப்பைக் கம்ப்யூட்டரில்தான் தட்டுகிறார்கள். அச்சிட்டுக் கையெழுத்து வாங்கி ஸ்கேன் செய்வதற்கு முன், தட்டிய கோப்பு ஒன்று யாருடைய மேசையிலோ இருக்கிறது. கையெழுத்திட்ட ஸ்கேன் சட்டத்துக்கு இருக்கட்டும். அந்தக் கோப்பு எங்களுக்கு வரட்டும். ஒரு முறை வைத்த முகவரியைத் தளத்தைப் புதுப்பிக்கும்போது மாற்றிவிடாதீர்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பழைய வாசலில் 'புது வாசல் அந்தப் பக்கம்' என்று ஒரு பலகை மாட்டுங்கள்.

ஓடும் எழுத்தை மட்டும் முதலில் நிறுத்திவிடுங்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை, ஒரு வரி வேலை. பெரியவர் அடுத்த ஞாயிறும் வருவார், அவரிடம் சொல்கிறேன்.

என் நிரல் வழக்கம்போல நாளைக் காலை ஆறு மணிக்கு உங்கள் வாசலுக்கு வரும். அது அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையிலும் என் பெயரும் மின்னஞ்சலும் இருக்கிறது; உங்கள் லாகில் பார்க்கலாம். தொந்தரவாக இருந்தால் தடுக்கும் முன் ஒரு வரி எழுதுங்கள், நேரத்தை மாற்றிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முனிர்காவிலிருந்து ஒரு நிரலாளன்